க்வாக்கு அனான்சேயிலிருந்து தொடங்குங்கள்: ஆப்பிரிக்கக் கதை சொல்லப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெனாலிராமன், மரியாதைராமன், பீர்பால் எல்லாம் சொல்லித் தீர்ந்துபோய் "வேற கதை சொல்லு" என்று பிள்ளை அடம்பிடிக்கும் வீட்டுக்காரர்கள், நூலகத்தில் வாராவாரம் கதை சொல்ல ஒப்புக்கொண்டவர்கள், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். ஆப்பிரிக்கக் கதைகள் பக்கம் போகலாம் என்று நினைத்தவுடன் பலர் செய்வது, 'ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதைகள்' என்று தலைப்புப் போட்ட ஏதோ ஒரு தொகுப்பை வாங்கி முதல் பக்கத்திலிருந்து வாசித்துக்காட்டுவது. நாலாவது கதையில் பிள்ளை கொட்டாவி விடும். கதைகள் மோசம் என்பதால் இல்லை. அவை வாசிப்பதற்காக உண்டானவை அல்ல, கூடி உட்கார்ந்து கூத்தடிக்க உண்டானவை. அப்படிச் சொல்வதற்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதல் படி: கண்டத்தை விடுங்கள், ஒருத்தனைப் பிடியுங்கள்

ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். மொழிகள் 2000-க்கு மேல். கானாவின் மழைக்காட்டு ஓரத்து ஊரில் சொல்லும் கதைக்கும் எத்தியோப்பிய மலைநாட்டில் சொல்லும் கதைக்கும் உள்ள தூரம் கொஞ்சநஞ்சமில்லை. அதனால் 'ஆப்பிரிக்கக் கதை' என்று மொத்தமாகத் தேடாதீர்கள். ஒரு மக்கள், அவர்களுடைய ஒரு தந்திரக்காரன். அந்த ஒருத்தனோடு ஒரு மாதம் இருங்கள்.

தந்திரக்காரர்களுக்குப் பஞ்சமே இல்லை. கானாவின் அக்கான் மக்களுக்குச் சிலந்தி, பெயர் அனான்சே. வடக்கு நைஜீரியாவின் ஹவுசா மக்களுக்கும் சிலந்திதான், ஆனால் அவன் கிஸோ. அவன் பெண்டாட்டி கோக்கி. அதே நைஜீரியாவின் தென்மேற்கில் யொருபா மக்களிடம் போனால் ஆமை, இஜாப்பா. கிழக்கே கென்யா, தான்சானியாவின் சுவாஹிலிக் கதைகளில் முயல், சுங்குரா. அவனிடம் ஏமாறுவதற்கென்றே பிறந்த கழுதைப்புலி, ஃபிசி. சாம்பியா, மலாவிப் பக்கம் அந்த முயலே கலுலு. ஜிம்பாப்வேயின் ஷோனா மக்களிடம் ட்சூரோ.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அனான்சே. காரணம் எளிது. சிலந்தியை எல்லாப் பிள்ளைக்கும் தெரியும், குளியலறை மூலையிலேயே இருக்கும். அவன் சில நேரம் சிலந்தி, சில நேரம் மனிதன். எப்போது எதுவாக இருக்கிறான் என்று கதை அலட்டிக்கொள்வதில்லை, பிள்ளைகளும் கேட்பதில்லை, பெரியவர்கள்தான் கேட்கிறார்கள். அவனுடைய முழுப்பெயரிலேயே ஒரு விளையாட்டும் இருக்கிறது. அக்கான் மக்களிடம் பிறந்த கிழமையை வைத்துப் பெயர் உண்டு. க்வாக்கு என்றால் புதன்கிழமை பிறந்த ஆண்பிள்ளை.

கதை தொடங்கும் முன் பிள்ளைகளிடம் பிறந்த கிழமையைக் கேட்டுப் பெயர் வைத்துவிடுங்கள். பையன்களுக்குத் திங்களிலிருந்து: கோஜோ, க்வாபெனா, க்வாக்கு, யாவ், கோஃபி, க்வாமே, க்வாசி. பெண்பிள்ளைகளுக்கு: அஜோவா, அபெனா, அக்குவா, யா, அஃபுவா, அமா, அகோசுவா. ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்த கோஃபி அன்னான் வெள்ளிக்கிழமைக்காரர், கானாவின் முதல் குடியரசுத் தலைவர் க்வாமே நுக்ருமா சனிக்கிழமைக்காரர் என்று பெரிய பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கிழமை தெரியாத பிள்ளை அம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு வரும். அதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டது. இனி அவர்கள் கதை கேட்க வந்தவர்கள் இல்லை, கதைக்குள் இருப்பவர்கள்.

இரண்டாம் படி: கூப்பிடவும் பதில் வாங்கவும் பழகுங்கள்

நம் வீடுகளில் கதை சொன்னால் கேட்கிறவர்கள் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். ஆப்பிரிக்காவில் பல இடங்களில் இது இன்னும் கறாரான ஏற்பாடு. கதைசொல்லி ஒன்று சொல்ல, கூட்டம் அதற்குரிய பதிலைச் சொன்னால்தான் கதையே தொடங்கும்.

எத்தியோப்பியாவில் அம்ஹாரிக் மொழியில் சொல்கிறவர் "தெரெத் தெரெத்" என்பார். பிள்ளைகள் "யெலாம் பெரெத்" என்பார்கள். 'கதை கதை' என்றதற்கு 'மாட்டுத் தொழுவம்' என்று பதில். எதுகைக்காகச் சொல்வதுதான். சுவாஹிலியில் "பவுக்வா!" என்றால் "பகாவா!" ஜூலுவில் சொல்கிறவர் "க்வெசுகசுகேலா" என்று இழுக்க, கூட்டம் "சோசி" என்கிறது. இந்தச் 'சோ'வின் முதல் ஒலி நம் சகரம் இல்லை, நாக்கைப் பல்லில் ஒட்டி எடுக்கும் சொடுக்கொலி. கஷ்டமாக இருக்குமோ என்று பயப்பட வேண்டாம். யாராவது கீழே விழுந்தால் 'ச்சு ச்சு' என்று உச்சுக் கொட்டுகிறோமே, அதேதான். ஒருமுறை செய்துகாட்டினால் பிள்ளைகள் விடவே மாட்டார்கள், அடக்குவதுதான் பாடு.

அக்கான் கதைசொல்லிகளின் தொடக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலேய அதிகாரியாக அங்கே இருந்த ராட்ரே 1930-இல் வெளியிட்ட தொகுப்பில் அது பதிவாகியிருக்கிறது. அதன் சாரம்: நாங்கள் சொல்லப் போவது நிஜம் என்று சொல்லவில்லை, சொல்லவே இல்லை. பொய் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பொய் சொல்வதில் உள்ள சுகத்தைப் பிள்ளைகள் உடனே புரிந்துகொள்கிறார்கள்.

ஒரு தொடக்கத்தைத் தேர்ந்தெடுத்து எல்லா நாளும் அதையே சொல்லுங்கள். அனான்சே கதைக்கு அக்கான் தொடக்கம், சுங்குரா கதைக்குப் பவுக்வா பகாவா. இதைக் கலக்காதீர்கள்.

நேரமும் முக்கியம். அனான்சே கதைகள் பொழுது சாய்ந்த பிறகு சொல்லப்படுபவை. தென்னாப்பிரிக்காவின் ஜூலு, சோசா பாட்டிமார் பகலில் கதை சொன்னால் தலையில் கொம்பு முளைக்கும் என்று பயமுறுத்துவார்கள். (பகலில் வேலை கெட்டுவிடும் என்பதுதான் உள் விஷயம் என்று நினைக்கிறேன்.) பள்ளியில் பகலில் சொல்ல நேர்ந்தால் சன்னலைச் சாத்தி விளக்கை அணைத்துக்கொள்ளுங்கள். கதை முடிந்ததும் கொம்பு முளைத்திருக்கிறதா என்று ஒவ்வொரு தலையாகத் தடவிப் பார்க்க மறக்காதீர்கள்.

மூன்றாம் படி: முதல் கதை இதுவாக இருக்கட்டும்

அனான்சே கதைகளின் தாய்க்கதை, கதைகள் எப்படிப் பூமிக்கு வந்தன என்பது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதை ஒழுங்காகச் சொல்லக் கற்றுக்கொண்டால் மற்றவை தானாக வரும்.

உலகத்துக் கதையெல்லாம் வானத்தில் நியாமே என்ற கடவுளிடம் இருக்கின்றன. விலைக்குக் கேட்டுப் பெரிய பெரிய ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து வெறுங்கையோடு போய்விட்டார்கள். அப்புறம் இந்தச் சுண்டைக்காய்ச் சிலந்தி வந்து "என்ன விலை?" என்கிறான். நியாமே சொல்லும் விலை: ஒனினி என்ற மலைப்பாம்பு, ஒசெபோ என்ற சிறுத்தை, ஒரு கூட்டம் குளவி, மோஅத்தியா என்ற காட்டுக் குட்டிப் பேய். அனான்சே பேரம் பேசுவதில்லை. "இவ்வளவும் கொண்டுவருகிறேன், கூடவே என் அம்மாவையும் கொண்டுவந்து தருகிறேன்" என்கிறான்! இந்த இடத்தில் ஏதாவது ஒரு பிள்ளை கண்டிப்பாக "அம்மாவை ஏன் கொடுக்கணும்?" என்று கேட்கும். பதில் சொல்லாதீர்கள். "தெரியலையே, நீ என்ன நினைக்கிறே?" என்று விட்டுவிடுங்கள், பத்து நிமிஷம் ஓடும்.

வீட்டுக்கு வந்து பெண்டாட்டி அசோவிடம் கேட்கிறான். யோசனை முழுக்க அவளுடையது. பிற்காலத்தில் சுருக்கி எழுதிய பலர் அசோவைத் தூக்கிவிட்டு எல்லாப் புத்திசாலித்தனத்தையும் அனான்சே தலையில் கட்டிவிட்டார்கள். உங்கள் கையில் கிடைக்கும் பிரதியில் அசோ இல்லை என்றால் நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். கதை அவளைச் சுற்றித்தான் நகர்கிறது.

மலைப்பாம்புக்கு அவள் சொல்வது ஒரு நீளமான பனைமட்டையும் கொடியும். அனான்சே அதைத் தூக்கிக்கொண்டு ஆற்றோரம் போகிறான், தனக்குத்தானே சத்தமாகச் சண்டை போட்டபடி: "அவன்தான் நீளம்." "இல்லை, மட்டைதான் நீளம்." "பொய் சொல்றே!" இதை இரண்டு குரலில் சொல்லுங்கள். பாம்பு வெளியே வந்து என்ன தகராறு என்கிறது. "என் பெண்டாட்டி இந்த மட்டையைவிட நீ குட்டை என்கிறாள், நான் இல்லை என்கிறேன்." பெருமை பிடித்த பாம்பு மட்டை மேலேயே நீட்டிப் படுத்துவிடுகிறது. அளப்பதற்கு நழுவாமல் இருக்க வேண்டாமா, அதனால் தலையிலிருந்து வால்வரை ஒரு கட்டு, இன்னொரு கட்டு, இன்னொரு கட்டு. ஒவ்வொரு கட்டுக்கும் பிள்ளைகள் ஒரு சத்தம் கொடுக்கட்டும்.

குளவிகளுக்கு ஒரு சுரைக்குடுக்கையும் தண்ணீரும். பாதித் தண்ணீரைக் குளவிக்கூட்டின் மேல் ஊற்றுகிறான், மீதியைத் தன் மேல் ஊற்றிக்கொண்டு தலைக்கு ஒரு வாழையிலையைப் பிடித்துக்கொள்கிறான். "மழை வந்துவிட்டதே, நனைந்து சாகிறீர்களே, என் குடுக்கைக்குள் வந்துவிடுங்கள்." நன்றி சொல்லிக்கொண்டே குளவிகள் உள்ளே போகின்றன. மூடி, டப்! கதை சொல்லும்போது நிஜமான வாழையிலையும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்துக்கொண்டு நாலு சொட்டு தெளித்தால் போதும், வேறு எந்தப் பொம்மையும் படமும் வேண்டாம்.

சிறுத்தைக்குக் குழி. இதைச் சீக்கிரம் கடந்துவிடுங்கள், கொஞ்சம் ரத்தக் கதை. சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டித் தூக்கிப் போனான் என்று சொன்னால் போதும்.

கடைசியாகக் காட்டுப் பேய். அனான்சே ஒரு மரப்பொம்மை செதுக்கி அதன்மேல் மரப்பாலைப் பிசுபிசுவென்று பூசுகிறான். பொம்மையின் கையில் மசித்த கிழங்கு, கழுத்தில் ஒரு நூல், நூலின் மறுமுனை புதருக்குப் பின்னால் அவன் கையில். மோஅத்தியா வந்து "கொஞ்சம் சாப்பிடட்டுமா?" என்று கேட்கிறது. நூலை இழுத்ததும் பொம்மை தலையாட்டுகிறது. சாப்பிட்டுவிட்டு நன்றி சொன்னால் பொம்மை பேசாமல் இருக்கிறது. கோபத்தில் ஓர் அறை. கை ஒட்டிக்கொள்கிறது. இன்னோர் அறை, அடுத்த கை. உதை, கால். பிள்ளைகள் இதற்குள் நடித்துக்கொண்டிருப்பார்கள். நாலையும் கொண்டுபோய் வைத்ததும் நியாமே தன் மூத்தவர்களையெல்லாம் கூட்டி, இன்றிலிருந்து இவை என் கதைகள் இல்லை, சிலந்திக் கதைகள் என்று அறிவிக்கிறார்.

மேல்வகுப்புப் பிள்ளைகளாக இருந்தால் இதோடு ஒரு விஷயத்தைச் சேர்த்துச் சொல்லலாம். அடிமைக் கப்பல்களில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி இழுத்துச் செல்லப்பட்ட மக்களோடு அனான்சேயும் போனான். ஜமைக்காவிலும் சுரினாமிலும் இன்றும் அவன் பெயர் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது, குராசாவ் தீவில் நான்ஸி ஆகிவிட்டான். ஒட்டும் பொம்மை அமெரிக்காவின் தென் மாநிலங்களில் தார் பூசிய பொம்மையாகி ஒரு முயலைப் பிடித்தது. தன்னைவிடப் பத்து மடங்கு பெரியவர்களைப் புத்தியால் கட்டிப்போடுகிறவன் கதை, சங்கிலியில் இருந்தவர்களுக்கு என்னவாக இருந்திருக்கும் என்று அவர்களே யோசிக்கட்டும்.

நான்காம் படி: பாட்டுக்கு இடம் விடுங்கள்

அக்கான் கதைகூறலில் கதையை நடுவில் நிறுத்திப் பாடும் வழக்கம் உண்டு. ம்மோகுவோ என்பார்கள். கதை தொய்கிறது என்று தோன்றினால் கேட்கிறவர்களில் ஒருவரே குறுக்கே புகுந்து பாட்டை எடுத்துவிடலாம். சொல்கிறவருக்கு இது அவமானம் இல்லை, உதவி. உங்கள் கூட்டத்திலும் இதற்கு அனுமதி கொடுங்கள். அக்கான் பாட்டு தெரியாதே என்று தயங்க வேண்டாம். கதையில் வரும் ஒரு வரியை, உதாரணமாக "அவன்தான் நீளம், மட்டைதான் நீளம்" என்பதை, ஒரு மெட்டில் போட்டுக் கைதட்டிப் பாடினாலே சரியாக வரும். ஆப்பிரிக்கப் பாட்டு மாதிரி இருக்க வேண்டும் என்று 'ஹுலுலு ஹுலுலு' என்று எதையாவது உளறுவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். பள்ளி ஆண்டு விழாக்களில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஐந்தாம் படி: தெரிந்த கதையை வேறு கடற்கரையில் காட்டுங்கள்

ஒரு மாதம் அனான்சே ஆனபிறகு கிழக்குக் கடற்கரைக்கு வாருங்கள். சான்சிபார் தீவில் ஸ்டீர் என்ற பாதிரியார் தொகுத்து 1870-இல் வெளியான சுவாஹிலிக் கதைகளில் ஒன்று இது. கடலோரத்தில் ம்குயூ என்ற அத்தி மரம். அதில் ஒரு குரங்கு. கீழே தண்ணீரில் ஒரு சுறா. குரங்கு பழத்தைப் போட, சுறா தின்ன, நட்பு வளர்கிறது. ஒருநாள் சுறா தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்து முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறது. பாதிவழியில் உண்மையைச் சொல்கிறது: எங்கள் சுல்தானுக்கு உடம்பு சரியில்லை, குரங்கின் இதயம்தான் மருந்து.

இந்த இடத்தில் நிறுத்துங்கள். "எனக்குத் தெரியும்! எனக்குத் தெரியும்!" என்று அறையே இரண்டுபடும். முதலையும் நாவல் மரமுமாக நம் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த பஞ்சதந்திரக் கதையேதான். இதயத்தை மரத்திலேயே விட்டுவிட்டு வந்தேனே என்பதும் மாறவில்லை.

எப்படி அங்கே போனது? பஞ்சதந்திரம் 6-ஆம் நூற்றாண்டில் பாரசீகத்துக்குப் போய், 8-ஆம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பா என்பவரால் அரபியில் 'கலீலா வ திம்னா' ஆனது. அரபியில் நாவல் மரம் அத்தி ஆயிற்று, முதலை ஆமை ஆயிற்று. பருவக்காற்றோடு பாய்மரக் கப்பல்களில் அரபு வணிகர்கள் போய்வந்துகொண்டிருந்த சுவாஹிலிக் கரையில் ஆமை சுறாவாகிவிட்டது, அத்தி அத்தியாகவே நின்றுவிட்டது. ஓர் உலகப் படத்தை விரித்து மரமும் விலங்கும் எங்கெங்கே மாறின என்று பிள்ளைகளே விரலால் காட்டட்டும். பூகோளப் பாடமும் முடிந்தது.

சுவாஹிலிக் கதை அங்கே நிற்பதில்லை. மறுபடி கூப்பிடும் சுறாவிடம் குரங்கு "என்னை வண்ணான் கழுதை என்று நினைத்தாயா?" என்று கேட்டு இன்னொரு கதையைத் தொடங்குகிறது. சிங்கத்திடம் ஒருமுறை தப்பிய கழுதை, முயல் பேச்சை நம்பி மறுபடி போய் மாட்டிக்கொள்கிறது. முயல் அதன் இதயத்தையும் காதையும் தின்றுவிட்டு, "அதற்கு இதயமும் காதும் இருந்திருந்தால் இரண்டாவது தடவை வந்திருக்குமா?" என்கிறது. இந்தக் கழுதையும் பஞ்சதந்திரத்தில் இருக்கிறது, அதே குரங்குக் கதைக்குள்ளேயே. அங்கே முயலுக்குப் பதில் நரி.

அடுத்த நாளுக்கு நைஜீரியாவின் இக்போ மக்களுடைய ஆமைக் கதையை வைத்துக்கொள்ளுங்கள். வானத்தில் பறவைகளுக்கு விருந்து. ஆமை ஆளுக்கொரு சிறகு கடன் வாங்கி ஒட்டிக்கொண்டு கூடவே பறக்கிறது. போகும் வழியில், விருந்துக்குப் போகிறவர்கள் புதுப்பெயர் வைத்துக்கொள்வது வழக்கம் என்று சொல்லித் தனக்கு 'நீங்க எல்லாரும்' என்று பெயர் வைத்துக்கொள்கிறது. சாப்பாடு வந்ததும் "இது யாருக்கு?" என்று கேட்கிறது. "உங்க எல்லாருக்கும்தான்" என்கிறார்கள். அவ்வளவுதான். தமிழில் இது சொல்லச் சொல்லச் சுகமாக வருகிறது. கடுப்பான பறவைகள் சிறகைப் பிடுங்கிக்கொள்ள, மெத்தென்று விழ வீட்டிலுள்ள மெத்தை தலையணையை எல்லாம் வெளியே போடச் சொல்லிக் கிளியிடம் சேதி அனுப்புகிறது ஆமை. கிளியோ கெட்டியான சாமான்களைப் போடச் சொல்லிவிடுகிறது. ஆமை ஓட்டில் ஏன் அத்தனை ஒட்டு என்று இனி சொல்லத் தேவையில்லை.

ஆறாம் படி: எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது

சாப்பாடு, பாத்திரம், மரம் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். ஆங்கிலத்தில் அடிக்குறிப்புப் போட்டு விளக்க வேண்டியவை நம்மிடம் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உரல், உலக்கை, சுரைக்குடுக்கை, சோழி, கள் எல்லாம் அப்படியே பொருந்தும். கம்பும் சோளமும் கேழ்வரகும் முதன்முதலில் பயிரானதே ஆப்பிரிக்காவில்தான். கம்மங்கூழ் குடிக்கிற பிள்ளைக்கு மாலி நாட்டுக் கதையில் வரும் கூழ் அந்நியமில்லை. கதையில் வரும் வயிறு பெருத்த பாவோபாப் மரம் நம்மிடம் பெருக்கமரம். இலங்கையில் மன்னார் பள்ளிமுனைக்குப் போனால் நேரிலேயே பார்க்கலாம்.

விலங்குகளில்தான் கவனம் வேண்டும். ஆப்பிரிக்கக் காடுகளில் புலி கிடையாது. பழைய பிரதிகளில் 'புலி' என்று இருந்தால் அது பெரும்பாலும் சிறுத்தை. கரடியும் வேண்டாம். கழுதைப்புலியை நரியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும், மாற்றாதீர்கள். நரி நம் கதைகளில் தந்திரசாலி. அங்கே கழுதைப்புலி பேராசை பிடித்த மண்டு. மாற்றினால் கதையே தலைகீழாகிவிடும். படம் காட்டிப் பெயரைப் பழக்கினால் ஒரே நாளில் வந்துவிடும்.

ஊர்ப்பெயர், ஆள்பெயர்களைத் தமிழாக்காதீர்கள். 'அனான்சே' அண்ணாசாமி ஆக வேண்டியதில்லை. அதேபோல 'ஆப்பிரிக்காவில் ஒரு காட்டில்' என்று ஆரம்பிக்கும் பழக்கத்தையும் விடுங்கள். கானாவில் குமாசி பக்கம், சான்சிபாரில் கடற்கரையில் என்று இடத்தைச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: 'நீதி' வரியை வெட்டுங்கள்

நம் பாடப்புத்தகங்கள் கெடுத்து வைத்த பழக்கம் இது. கதை முடிந்ததும் தடித்த எழுத்தில் ஒரு நீதி. அனான்சே ஏமாற்றுகிறான், பொய் சொல்கிறான், பல சமயம் தப்பித்தும் விடுகிறான். இதற்கு என்ன நீதி எழுதுவீர்கள்? 'பொய் சொல்லக்கூடாது' என்று எழுதினால் பிள்ளை சிரிக்கும். அவன் மாட்டிக்கொள்ளும் கதைகளும் நிறைய உண்டு. உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் போட்டு மரத்தில் ஒளிக்கப் போனவன், பானையை வயிற்றில் கட்டிக்கொண்டு ஏற முடியாமல் திணறுகிறான். கீழே நிற்கும் மகன் "அப்பா, முதுகில் கட்டிக்கொண்டு ஏறேன்" என்கிறான். எல்லா அறிவும் தன் பானையில் இருந்தால் இவனுக்கு இது எப்படித் தெரிந்தது என்ற எரிச்சலில் பானை கீழே விழுந்து உடைகிறது. அங்கேயே நிறுத்திவிடுங்கள், விளக்கம் சேர்க்காதீர்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் முடிவே இல்லாமல் கேள்வியில் நிற்கும் கதைகள் தனி வகையாகவே இருக்கின்றன. வேதாளம் கேட்கிற மாதிரிதான், ஆனால் பதில் சொல்ல விக்கிரமாதித்தன் இல்லை, கூட்டம்தான் அடித்துக்கொள்ள வேண்டும். அனான்சேக்கு ஆறு மகன்கள். ஒருத்தன் ஆபத்தைத் தூரத்திலேயே அறிவான், ஒருத்தன் பாதை போடுவான், ஒருத்தன் ஆற்றையே குடிப்பான், ஒருத்தன் எதையும் அறுத்துத் திறப்பான், ஒருத்தன் கல்லெறிவான், ஒருத்தன் மெத்தை மாதிரி மெதுவானவன். அப்பாவை மீன் விழுங்கிவிட, ஆறு பேரும் ஆளுக்கொரு வேலை செய்து காப்பாற்றுகிறார்கள். அனான்சேக்குக் காட்டில் ஓர் ஒளிப்பந்து கிடைக்கிறது. அதை யாருக்குக் கொடுப்பது? முடிவாகும்வரை வைத்திருங்கள் என்று நியாமேயிடம் கொடுக்கிறான். சண்டை இன்னும் தீரவில்லை, அதனால் நிலா இன்னும் வானத்தில். பிள்ளைகளை ஆறு கட்சியாகப் பிரித்து வாதாட விடுங்கள். மெத்தைக்குத்தான் எப்போதும் ஆதரவு அதிகம் என்பது என் அனுபவம்.

எட்டாம் படி: புத்தகம், இணையம், பெரிய பிள்ளைகள்

இப்போது புத்தகங்களுக்கு வரலாம். இலவசமாகத் தொடங்க இரண்டு இடங்கள் போதும். தென்னாப்பிரிக்காவில் 2014-இல் தொடங்கிய ஆஃப்ரிக்கன் ஸ்டோரிபுக் தளத்தில் ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் படக்கதைகள் இருக்கின்றன, திறந்த உரிமத்தில். பெங்களூரின் பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்திலும் அவற்றில் பல ஏறியிருக்கின்றன. அங்கே தமிழ்ப் பக்கம் உண்டு, தமிழில் இல்லாததை நீங்களே மொழிபெயர்த்தும் போடலாம்.

எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது: எந்த மக்களின் கதை, யார் யாரிடம் கேட்டது என்ற விவரம் இருக்கிறதா? வெறுமனே 'ஆப்பிரிக்க நாட்டுக்கதை' என்று மட்டும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். பழைய தொகுப்புகளில் பலவும் பாதிரிமாரும் வெள்ளைக்கார அதிகாரிகளும் எழுதிக்கொண்டவை. கதை தங்கம், முன்னுரை பல நேரம் குப்பை. 'காட்டுமிராண்டிகள்' என்ற தொனி எங்காவது எட்டிப்பார்க்கும். கதையை எடுத்துக்கொண்டு மற்றதை விடுங்கள்.

அப்படிச் சேர்ந்தவற்றில் பெரிய பிள்ளைகளுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள். கேப் டவுனில் 1870-களில் ப்ளீக் என்ற மொழியறிஞரும் அவர் மைத்துனி லூசி லாய்டும், தென்னாப்பிரிக்காவின் ஆதிக்குடிகளான சான் மக்களைச் சேர்ந்த சிலரிடம் ஆயிரக்கணக்கான பக்கங்களுக்குக் கதை கேட்டு எழுதினார்கள். சொன்னவர்களில் காபோ என்ற முதியவரும் ஒருவர். சிறைக்கைதியாகக் கேப் டவுனுக்கு வந்தவர் அவர். அவர் பேசிய மொழி இன்று யாரும் பேசாத மொழி. அந்தக் குறிப்பேடுகள் 1997-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்ந்தன. அவற்றில் ஒரு கதை: ஆதி காலத்துப் பெண் ஒருத்தி அடுப்புச் சாம்பலை அள்ளி வானத்தில் எறிகிறாள், இருட்டில் வீடு திரும்புகிறவர்களுக்கு வழி தெரிய வேண்டும் என்று. அதுதான் பால்வீதி. மொட்டை மாடியில் சொல்ல வேண்டிய கதை.

பத்து வயதுக்கு மேல் என்றால் மாலியின் சுந்தியாட்டா. 13-ஆம் நூற்றாண்டில் மாலிப் பேரரசை நிறுவியவர், ஜெலி எனப்படும் பரம்பரைப் பாணர்கள் இன்றும் பாடும் கதை. முழுதும் நீளம், அதனால் ஒரே காட்சியை எடுங்கள். ஏழு வயதாகியும் நடக்க முடியாத பையன். குழம்புக்குப் பெருக்கமர இலை கேட்டுப் போன அவன் அம்மா சொகொலோனை மூத்த ராணி, "என் மகன் பறித்துத் தருகிறான், உன் மகன்?" என்று இடித்துப் பேசிவிடுகிறாள். அம்மா அழுதுகொண்டு வருகிறாள். பையன் ஓர் இரும்புத் தடி கொண்டுவரச் சொல்கிறான். அதை ஊன்றி எழுகிறான், தடி வில்லாக வளைகிறது. நடந்துபோய் இலையைப் பறிப்பதில்லை. மரத்தையே வேரோடு பிடுங்கி அம்மாவின் குடிசை வாசலில் கொண்டுவந்து போடுகிறான்.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். முயலும் சிறுத்தையும் சாம்ராஜ்யமுமாகவே சொல்லிக்கொண்டிருந்தால், நைரோபியில் மாடி வீட்டில் இருக்கும், லாகோஸ் போக்குவரத்து நெரிசலில் பள்ளிப் பேருந்துக்குக் காத்திருக்கும் பிள்ளையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு எதுவும் தெரியாமல் போகும். நாலைந்து நாட்டுக்கதைக்கு ஒன்றாவது இன்றைய கதையாக இருக்கட்டும், மேலே சொன்ன தளங்களில் அவையும் கிடைக்கின்றன. எதில் தொடங்குவது என்று தெரியாவிட்டால் கென்யாவின் வங்காரி மாத்தாய் வாழ்க்கையை எடுங்கள். அது கடவுளின் மரம், அதிலிருந்து விறகு பொறுக்காதே என்று அம்மா சொல்லி வளர்த்த ஓர் அத்தி மரம் அவர் வீட்டருகே இருந்தது. படித்துவிட்டு ஊர் திரும்பியபோது மரம் வெட்டப்பட்டிருந்தது, பக்கத்து ஓடையும் வற்றியிருந்தது. 1977-இல் பெண்களைச் சேர்த்து மரம் நடத் தொடங்கினார், 2004-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். சான்சிபார்க் குரங்கின் அத்தி மரம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே பழக்கம் என்பதால், அந்தக் கதை சொன்ன வாரமே இதையும் வைத்துக்கொள்வது வசதி.